சடகோபரின் மத்தியான வாசிப்பு

அந்த ஆடி மாதம் திருவொற்றியூர்க் கிளை நூலகத்தின் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்று பதினேழு மரப்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. பொன்னேரிப் பக்கம் நல்லம்பேடு என்ற ஊரில் பெரிய வீடு ஒன்றை இடிக்கிறார்களாம். அந்த வீட்டுப் பெரியவர் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களை அவருடைய பேரன் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

நூலகர் எழில்மொழிக்குக் கையுதவிக்கு ஆள் கிடையாது. அன்று சாயங்காலம் வியாசர்பாடி வீட்டுக்கு வந்ததும் தகப்பனாரிடம் கேட்டாள்.

"நைனா, நாளைக்கு எங்கூட வர்றியா? பொட்டியெல்லாம் தொறந்து தூசி தட்டி அடுக்கணும். நான் ஒண்டியா எத்தினி நாளு பண்றது?"

"தட்டித் தொடைக்கத்தான? வரேன்" என்றார் அப்பாவு.

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் கலாசியாக, அதாவது எடுபிடி ஆளாகச் சேர்ந்து, பிட்டராக உயர்ந்து, ஓய்வு பெற்றுப் பத்து வருஷமான மனிதர் அவர். அறுபத்தெட்டு வயதிலும் உடம்பு தளரவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். செய்தித்தாள் படிப்பார், சங்கத்து நோட்டீஸ் படிப்பார், மண்ணெண்ணெய் எப்போது போடுகிறார்கள் என்று ரேஷன் கடைப் பலகையைப் படித்துத் தெருவுக்கே சொல்வார். கதைப் புத்தகத்தை மட்டும் தொடமாட்டார். எழில்மொழி சின்ன வயதில் நாவலும் கையுமாக இருந்தபோது அவர் தடுத்ததில்லை. என்ன கதை என்று கேட்டதும் இல்லை. நைனாவுக்குக் கதை பிடிக்காது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பெட்டிகள் எந்த ஊரிலிருந்து வந்தன என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் இருவரும் பஸ்ஸில் போனார்கள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு நுழைய வரிசைகட்டி நின்றதால் போய்ச் சேரவே பத்தரை ஆகிவிட்டது. அப்பாவு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். முதல் பெட்டியில் பாசுர உரைகளும் ஸ்தல புராணங்களும் இருந்தன. இரண்டாவது பெட்டி முழுக்கப் பஞ்சாங்கம். வருஷ வாரியாகக் கட்டுக்கட்டாக. ஒரு கட்டைத் தூக்கியபோது அதன் கனம் வேறு மாதிரி இருந்தது. மேலே இருந்ததைத் திறந்தார். வெளியே பஞ்சாங்க அட்டை, உள்ளே நாவல்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பென்சிலில் பொடி எழுத்தாகத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் நேராக ஒரு பக்க எண். அதன் கீழே, அதே பென்சிலில், எழுத்து திடீரென்று பெரிதாகிக் கோணிக்கொண்டு ஓடியது. ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறியிருந்தது. 'அ. படித்தான். 112 வரை.' 'அ. படித்தான். 140 வரை.'

"யாரு நைனா இந்த 'அ'?" என்று பின்னாலிருந்து எழில்மொழி கேட்டாள். "நாலஞ்சு புத்தகத்துல பாத்துட்டேன். அவருக்கு யாரோ படிச்சிக் காட்டிகிறாங்கபோல."

"யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அப்பாவு எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டார். அன்று அதற்குமேல் அவரால் ஒரு பெட்டியைக்கூடத் திறக்க முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்றார்.

அந்த 'அ' அவர்தான்.

நல்லம்பேட்டில் சடகோபர் என்றால் பெரிய வீட்டு ஆண்டை. ஆரணியாற்றுப் பாசனத்தில் நூறு காணி நன்செய், கோயில் தர்மகர்த்தா பதவி, நெற்றி நிறைய நாமம். சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து அவர் பாசுரம் சொன்னால் தெருவே கேட்கும். அப்பாவுவின் தகப்பன் அந்த வீட்டுப் படியாள். அப்பாவுவும் அங்கேதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். சேரியில் மிஷன் பள்ளிக்கூடம் நடத்திய வேதமாணிக்கம் வாத்தியார் புண்ணியத்தில் எட்டு வரை படித்திருந்தான்.

ஊருக்குத் தெரியாத சடகோபர் ஒருவர் இருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நெல் கொட்டும் களஞ்சிய அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வார். ஆண்டை ஜபம் பண்ணுகிறார் என்று வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். உள்ளே அவர் நாவல் படித்தார். துப்பறியும் கதை, காதல் கதை, வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்து வந்த கதை, எல்லாம். பட்டணத்திலிருந்து வி.பி.பி.யில் வரும் பார்சலைத் தானே வண்டி கட்டிக்கொண்டு பொன்னேரித் தபாலாபீசுக்குப் போய்ப் பணம் கட்டி வாங்கி, காய்கறிக் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். பழைய பஞ்சாங்கத்தின் அட்டையைக் கிழித்து நாவலுக்குப் போட்டுத் தைப்பார். அந்தக் காலத்துப் புத்தகங்களில் தாள்கள் மடிப்பு பிரிக்காமல் ஒட்டியபடியே வரும். பாக்கு சீவும் சின்னக் கத்தியால் அன்றன்றைக்குப் படிக்கிற அளவுக்கு மட்டும் மடிப்பை அறுப்பார். அதற்குமேல் ஒரு தாளையும் அறுத்துப் பார்க்க மாட்டார்.

ஐம்பது வயது வாக்கில் அவர் கண்ணில் புகை படர ஆரம்பித்தது. வைத்தியரிடம் போனால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் தர்மகர்த்தா பதவியும் வீட்டு நிர்வாகமும் தம்பி கைக்குப் போய்விடும். தம்பி அதற்காகவே காத்திருந்தவர். பாசுரம் மனப்பாடம், அதனால் சனிக்கிழமைக் கூடத்தில் சிக்கல் இல்லை. வரப்பும் வாய்க்காலும் காலுக்குத் தெரியும். புத்தகம்தான் கைவிட்டுப் போனது.

ஒருநாள் மாட்டுக்கொட்டகையில் அப்பாவு வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தபோது, களஞ்சிய அறையின் சின்ன ஜன்னல் திறந்தது.

"டேய், வேதமாணிக்கத்துகிட்ட படிச்சவன் நீதானே?"

"ஆமா ஆண்டே."

"இத எடுத்துப் படி. மொள்ளமா. மாட்டுக்கு மேல சத்தம் போவக் கூடாது."

ஜன்னல் திண்டில் ஒரு புத்தகம் இருந்தது. பத்தொன்பது வயது அப்பாவு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து, சாணி வாடையில், தன் வாழ்க்கையின் முதல் நாவலைப் படித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்டை, இந்தப் பக்கம் அவன். புத்தகம் கைக்குக் கை மாறியதே இல்லை. அவர் திண்டில் வைப்பார், அவன் எடுப்பான். அவன் வைப்பான், அவர் எடுப்பார்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. அப்பாவு எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்டான். சோகமான கட்டம் வந்தால் உள்ளேயிருந்து மூக்குப்பொடி உறிஞ்சும் சத்தம் கேட்கும். சில நாள் பொடி வாசனையே இல்லாமல் சத்தம் மட்டும் வரும். "அவ பண்ணது தப்பாடா?" என்று கதையில் வரும் பெண்ணைப் பற்றிக் கேட்பார். அவன் யோசித்துப் பதில் சொல்வான். அந்த ஊரில் அவனிடம் யாரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பாரும் இல்லை. கதையில் வந்தவர்களுடைய நல்லது கெட்டதுக்கு மட்டும் அவன் சொல்லுக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது.

கடைசியாக அவர்கள் படித்தது, ரங்கூனுக்குப் போய்த் திரும்பாத புருஷனைத் தேடித் தனியாகக் கப்பலேறும் ஒரு பெண்ணின் கதை. ஐம்பத்தொன்று, சித்திரை வெயில். கப்பல் நங்கூரம் எடுக்கிற கட்டத்தில் அப்பாவுவுக்கு மேலே படிக்க முடியவில்லை. சற்று நேரம் கழித்து ஜன்னல் வழியாக ஒரு பித்தளைச் சொம்பு வந்தது. மோர். பெரிய வீட்டுச் சொம்பு.

"குடிடா. குடிச்சிட்டுப் படி."

அவன் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சடகோபரின் தம்பி கொட்டகைக்குள் வந்தார்.

சாயங்காலம் கோயிலடியில் ஊர் கூடியது. பெரிய வீட்டில் சொம்பு திருடினான் என்று குற்றம். திருடவில்லை, ஆண்டைதான் கொடுத்தார் என்று அப்பாவு சொன்னான். கூட்டம் சிரித்தது. தம்பி நிதானமாக அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்க இவனுக்குச் சொம்புல மோர் கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால் நாவல், அதற்கும் பின்னால் குருடு. சடகோபர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குத் தெரியாது."

புளிய மரத்தில் கட்டிப் பச்சைப் புளிய விளாரால் அடித்தார்கள். அவன் தகப்பனைப் பக்கத்திலேயே நிற்கவைத்துப் பார்க்கச் செய்தார்கள். அந்த வாரமே குடும்பம் சட்டி பானையோடு பட்டணம் வந்து சேர்ந்தது. அதற்குப்பின் நாற்பத்தேழு வருஷமாக இந்தக் கதையை அப்பாவு ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போனால் அடியை அவர் பொறுத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவராகவே மகளோடு கிளம்பி வந்தார். எல்லாப் பெட்டிகளையும் திறந்தார். பத்துப் பெட்டி வரை படித்த புத்தகங்கள். பதினோராவது பெட்டியிலிருந்து வேறு மாதிரி இருந்தது. ஐம்பத்திரண்டில் வாங்கியது, ஐம்பத்தைந்தில் வாங்கியது, ஐம்பத்தொன்பதில் வாங்கியது. எல்லாவற்றிலும் சடகோபரின் கோணல் கையெழுத்து இருந்தது. பஞ்சாங்க அட்டை இருந்தது. ஒரு புத்தகத்தில்கூட மடிப்பு அறுக்கப்படவில்லை. ஏழு பெட்டிப் புத்தகங்கள், அச்சாபீசிலிருந்து வந்தபடியே, கன்னித்தாளாக.

அப்பாவு ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துக் கீழே வைத்தார்.

"வாங்கி வாங்கி இன்னாத்துக்கு வெச்சிகினு இருந்தாரு?" என்றாள் எழில்மொழி. "படிக்கவே இல்லியே."

மத்தியானம் அந்தப் பேரன் வந்தார். பெயர் புவனேந்திரன். எண்ணூரில் ஒரு கம்பெனியில் அதிகாரி. ஐம்பதை நெருங்கியவர், சட்டைக் காலரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் சின்ன விழா. தாத்தாவின் படத்தை மாட்டுகிறார்கள், அவர் பேச வேண்டும்.

"தாத்தாவோட வாசிப்பப் பத்திப் பேசச் சொல்றாங்க மேடம். எனக்குப் பெரிசா ஒண்ணும் தெரியாது. புத்தகத்துல ஏதாவது குறிப்பு இருந்தா நல்லாருக்கும்."

எழில்மொழி 'அ. படித்தான்' என்ற பக்கங்களைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"வீட்ல இப்படி யாரும் இல்லியே... எனக்கு நினைவு தெரிஞ்சப்ப அவருக்குச் சுத்தமா கண்ணு போயிடுச்சு. ஆனா தினம் மத்தியானம் களஞ்சிய ரூமுக்குப் போவாரு. ஜபம்னு வெளியில சொன்னாலும் பாட்டிக்கு விஷயம் தெரிஞ்சிருந்தது. 'தாத்தா படிக்கிறாரு, சத்தம் போடாதீங்க'ன்னு பாட்டி எங்கள வெரட்டுவாங்க. குருடர் என்ன படிக்கிறார்னு எனக்கு ஆச்சரியம். ஒருநாள் கதவிடுக்குல பாத்தேன். புத்தகம் அவர் கையில இல்ல. மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அந்தத் திண்டுல புத்தகத்த வெச்சிட்டு, ஜன்னலப் பாத்து உக்காந்திருந்தாரு. ரொம்ப நேரம். அப்புறம் தடவி எடுத்துப் பொட்டியில வெச்சிட்டாரு. அறுபத்திரண்டுல சாகுற வரைக்கும் அதே பழக்கம். வெளிச்சத்துக்காக வெக்கிறாருன்னு பாட்டி சொல்வாங்க. கண்ணு தெரியாதவருக்கு வெளிச்சம் எதுக்கு?"

பின்னால் புத்தகக் கட்டு ஒன்று தரையில் விழுந்தது. அப்பாவு அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெளிச்சத்துக்கு இல்ல சார்" என்றார். "நான் எடுத்துப் படிக்கிறதுக்கு."

எழில்மொழி திரும்பிப் பார்த்தாள். புவனேந்திரனுக்குப் புரியவில்லை. அப்பாவு முன்னால் வந்து, நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கூடை, ஜன்னல், மோர், கோயிலடி, புளியமரம். குரலை உயர்த்தவில்லை. தன் தகப்பன் நின்ற இடத்தைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார்.

அவர் முடித்தபோது புவனேந்திரனுடைய முகம் வெளுத்திருந்தது. எங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"சொம்பு திருடிட்டு ஓடின ஒரு ஆளப் பத்தி எங்க வீட்ல பேசிக் கேட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஐயா, அவரு பண்ணது... ஆனா பாருங்க, பதினோரு வருஷம் உங்களுக்காகத்தான் காத்திருந்திருக்காரு. மனசுக்குள்ள எவ்ளோ வருத்தப்பட்டிருப்பாரு."

"காத்துகினு இருந்தாரு, சரி" என்றார் அப்பாவு. "நான் எங்க கீறேன்னு வேதமாணிக்கம் வாத்தியாருக்குத் தெரியும். ஆள் அனுப்பிக் கேட்ருக்கலாம். கேக்கல. அன்னிக்கி வாயத் தொறந்து 'நான்தான் குடுத்தேன்'னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, எங்கப்பன் அந்த மரத்தடில நின்னுருக்க மாட்டான். அவரு பூட்டின ரூமுல ஒண்டியா வருத்தப்பட்டது எனக்கு இன்னா சார் ஆவும்?"

நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க ஐயா."

"படத்த மாட்டுங்க. நல்லாப் படிச்சவர்தான், நான் இல்லன்னு சொல்லல. என்னை மாதிரி ஆளுகிட்ட கதயப் பத்திக் கேட்டவரு. ஆனா நான் திருடலன்னு சொல்லுங்க. எத்தினி பேரு முன்னால என்னைத் திருடன்னாங்களோ, அத்தினி பேருல இன்னிக்கி யாரு கீறாங்க? இருக்கறவங்க முன்னால சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் வந்திருந்தார்கள். பக்கத்துக் குப்பத்து ஜனங்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், முன்வரிசையில் சடகோபரின் குடும்பத்தார். மூன்றாம் வரிசை ஓரத்தில் அப்பாவு, சலவைச் சட்டையோடு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி நிமிஷத்தில் இந்த மனிதர் பின்வாங்கிவிடுவார் என்றே அவர் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. பெரிய வீட்டு ஆள் ஊர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கைவிட்டதை அவர் ஒருமுறை பார்த்தவர்.

புவனேந்திரன் எழுதிவைத்த தாளைக் கையில் எடுத்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் தாத்தா நிறையப் படிச்சவர்னு சொல்லத்தான் வந்தேன். அவருக்குப் படிச்சுக் காட்டினவர் இங்க உக்காந்திருக்கார். பேரு அப்பாவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொண்ணுல, நல்லம்பேட்டுல, அவரு சொம்பு திருடினார்னு மரத்துல கட்டி அடிச்சாங்க. அவரு திருடல. என் தாத்தாதான் மோர் கொடுத்தார். கேட்டப்ப, தெரியாதுன்னு பொய் சொன்னார். அந்தப் பொய்க்காக எங்க குடும்பத்து சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

முன்வரிசையில் ஒரு பெரியவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சடகோபருடைய தம்பியின் மகன். "படம் தொறக்க வந்த இடத்துல என்ன பேச்சு இது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அவரோடு நாலைந்து பேர் போனார்கள். மற்றவர்கள் அசையவில்லை. கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவு எழுந்து நின்றார். ஏதாவது பேசுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். பேசவில்லை. எல்லோரும் தன்னைப் பார்க்கும்படி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். எழில்மொழி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீ குடிக்கும்போது புவனேந்திரன் அருகில் வந்து, ஒருநாள் தன் வீட்டுக்கு வரவேண்டும் என்றார்.

"பாக்கலாம் சார். இப்ப வேணாம்" என்றார் அப்பாவு. "நீங்க சொன்னது பெரிசு. நான் வூட்டுக்குப் போய் வேற ஒரு ஆளுக்கு இதச் சொல்லியாவணும்."

வியாசர்பாடியில் இன்னும் வெயில் இருந்தது. அவர் மனைவி சொக்கம்மாள் வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பாவு அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அவள் கை நின்றுவிட்டது.

"ஒர்க்‌ஷாப்புல முதுகுல சூட்டுக் கம்பி பட்டதுன்னு சொன்னியேய்யா" என்றாள். "கல்யாணம் கட்டின நாள்லேர்ந்து அத்தானே சொன்னே. நானும் கம்பிக்காரன வாய்க்கு வந்தபடி திட்டிகினு எத்தினி வருஷம் எண்ணெ தேச்சேன்."

"இன்னான்னு சொல்லச் சொல்றே? திருடன்னு கட்டிவெச்சி அடிச்சாங்கன்னா? நீயும் ஒரு நிமிஷமாவது யோசிப்பியோன்னு பயந்தேன்."

சொக்கம்மாள் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டு வந்தாள்.

"சட்டயக் கழட்டு" என்றாள்.

அவர் கழற்றினார். முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய பழைய தழும்புகளை, புதிதாக யாரோ கொண்டுவந்து காட்டியதுபோல் அவள் பார்த்தாள். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. உள்ளங்கையை முதுகில் பதித்து, வெயில் இறங்கும் வரை அப்படியே வைத்திருந்தாள்.